பிள்ளைக்காக மட்டும் பேச ஒருவர்

வேலூர் லாங் பஜாரில் ஒரு மளிகைக் கடையின் கல்லாவில் கைவைத்ததாகப் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பிடிபட்டால் அவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படுவான். அவனுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வழக்கறிஞர் கிடைக்கச் செய்வது குழுமத்தின் பொறுப்பு என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. அதே கடைத்தெருவில் பள்ளிக்கூடம் போகாமல் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கும் பன்னிரண்டு வயதுப் பையனை அதிகாரிகள் மீட்டால் அவன் போகும் இடம் வேறு. அவனைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோவார்கள். அவன் வீட்டுக்குத் திரும்புவதா, இல்லத்தில் சேர்வதா, முன்பின் அறியாத ஒரு குடும்பத்தில் வளர்வதா என்பதை அந்தக் குழு முடிவுசெய்யும். முதல் பையன் இழக்கக்கூடியது சில மாதச் சுதந்திரம். இரண்டாமவன் இழக்கக்கூடியது தன் வீடு, தெரு, அக்கா தங்கை எல்லாமே. ஆனால் இந்த இரண்டாமவனுக்கென்று பேச ஒருவரை நியமித்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. குழந்தைகளுக்குத் தக்க சட்ட உதவி பெற்றுத்தருவது என்பது நலக் குழு செய்யவேண்டிய வேலைகளின் நீண்ட பட்டியலில் ஒரு வரியாக வந்துபோகிறது. குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைக்கு வக்கீல் உண்டு, குற்றமே செய்யாத பிள்ளைக்கு இல்லை என்ற இந்த ஏற்றத்தாழ்வைத்தான் இந்தக் கட்டுரை பேச எடுத்துக்கொள்கிறது.

இப்படி ஒரு பிள்ளையைச் சுற்றி ஆட்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட நலக் குழு இருக்கிறது. மாதத்தில் குறைந்தது இருபது நாள் கூடவேண்டிய அந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் அதிகாரம் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நிறுவனம் சார்ந்த பணிக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர், நிறுவனம் சாராப் பணிக்கு ஒருவர், சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர்கள், புறத்தொடர்புப் பணியாளர்கள் என்று வரிசையாகப் பதவிகள் இருக்கின்றன. குழந்தைகளுக்காக வாதாடும் பணி என்று எதைச் சொல்கிறோமோ அதன் பெரும்பகுதியை இந்த மண்ணில் செய்துவருபவர்கள் இவர்கள்தான். இவர்களில் பலர் தொகுப்பூதியத்தில் ஒப்பந்த அடிப்படையில் உழைப்பவர்கள். இரவு பதினொரு மணிக்குக் காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் எழுந்து போகிறவர்கள். அவர்களுடைய அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர்களில் ஒவ்வொருவருக்கும் பிள்ளையைத் தவிர வேறொரு கடமையும் இருக்கிறது. குழு எல்லாத் தரப்பையும் கேட்டுத் தீர்ப்பு சொல்லவேண்டும். அலகு அரசுத் திட்டத்தை நடத்தி அறிக்கை அனுப்பவேண்டும். இல்லத்தின் கண்காணிப்பாளர் இல்லத்தை நடத்தவேண்டும். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை, அந்த ஒரு பிள்ளையின் நலனும் விருப்பமும் தவிர வேறெதற்கும் பதில் சொல்லவேண்டியிராத ஒரே ஆள் வேண்டும் என்பது என் வாதம். குடும்பம் சார்ந்த வளர்ப்புப் பராமரிப்பை இந்த நாடு நிஜமாகவே விரிவுபடுத்த நினைத்தால் அந்த ஆள் இல்லாமல் அது ஆபத்தாகவே முடியும்.

வளர்ப்புப் பராமரிப்பு என்ற சொல் நம் காதில் இன்னும் சரியாகப் பதியவில்லை. எடுத்து வளர்க்கிறது என்றால் நம் ஊரில் தத்து என்றுதான் அர்த்தம் ஆகிறது. சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்வது அதையல்ல. பெற்றவர்களின் உரிமை அறுபடாமல், குறுகிய காலத்துக்கோ நீண்ட காலத்துக்கோ ஒரு பிள்ளையை இன்னொரு குடும்பம் வைத்துப் பார்த்துக்கொள்வது. பெற்றவர்கள் வந்து பார்க்கலாம், அவர்கள் நிலை சீரானதும் பிள்ளை திரும்பிப் போகலாம். உடன்பிறந்தவர்களைக் கூடியவரை பிரிக்கக்கூடாது. வளர்ப்புக் குடும்பத்தை நலக் குழு மாதாமாதம் பார்வையிட வேண்டும். மிஷன் வாத்சல்யா திட்டத்தின்படி பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். 2016இல் வந்த மாதிரி வழிகாட்டு நெறிகள் கணவன் மனைவியாக இருப்பவர்களையே வளர்ப்புப் பெற்றோராக ஏற்றன. 2024இல் திருத்தப்பட்டபோது 35 முதல் 60 வயது வரையுள்ள தனி நபர்களுக்கும் வாசல் திறந்தது. கவனிக்கவேண்டிய விஷயம், இந்த ஏற்பாடு பெரும்பாலும் ஆறு வயது தாண்டிய பிள்ளைகளுக்கானது என்பது. தத்துக்குப் போகும் கைக்குழந்தைக்குச் சொல்ல எதுவும் இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு நினைவு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, பிடித்த டீச்சர் இருக்கிறார், எந்த மாமா வீட்டில் இருக்கப் பயம் என்பது தெரிந்திருக்கிறது. சொல்வதற்கு இவ்வளவு உள்ள பிள்ளைகளைப் பற்றித்தான் நாம் அவர்கள் தலைக்கு மேலே பேசி முடிவெடுக்கிறோம்.

தோல் தொழில் நடக்கும் இந்தப் பாலாற்றுப் பகுதியில் இல்லங்களுக்கு வந்து சேரும் பிள்ளைகளை அநாதைகள் என்று நினைத்துக்கொள்வது முதல் தவறு. உலக அளவில் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது பெற்றவரில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009இல் சொன்னது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஊர்களின் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது. ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் விடியும் முன் சமைத்து வைத்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். வீட்டிலேயே ஜோடிக் கணக்கில் மேல்தோல் தைக்கும் பெண்களுக்குக் கூலி இன்னும் குறைவு. டேனரியில் ஒரு விபத்து, கணவனின் குடி, ஒரு நீண்ட காய்ச்சல் போதும். பிள்ளையை ஹாஸ்டலில் விட்டால் சாப்பாடாவது கிடைக்கும் என்று ஒரு தாய் முடிவெடுத்துவிடுவாள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். மேற்கு வங்கத்திலிருந்து வந்து உறங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்களில் பெரும்பாலோர். இப்படி ஒரு சாவு எங்கோ தொலைவில் எத்தனை பிள்ளைகளின் விலாசத்தை மாற்றியிருக்கும் என்பது எந்த விபத்து அறிக்கையிலும் வருவதில்லை.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கிய மாநிலம் என்று சொல்வது நியாயமாகாது. குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் முதலில் வந்தது இங்கேதான், 1920இன் சென்னைக் குழந்தைகள் சட்டம். ஆனால் நம் கருணை கட்டடமாகவே வெளிப்பட்டது. மத்திய அரசு நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பின் அறிக்கை 2018இல் வெளியானது. அதில் 9,589 இல்லங்கள் வந்தன. அவற்றில் 1,647 தமிழ்நாட்டில், எல்லா மாநிலங்களிலும் அதிகம். 2016 நிலவரப்படி நாட்டில் மூன்றில் ஒரு பங்கு இல்லங்களே இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருந்தன. மாமல்லபுரம் பக்கத்து இல்லம் ஒன்றில் நடந்த கொடுமை பற்றிய நாளேட்டுச் செய்தியிலிருந்து பிறந்த வழக்கு, தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்த வழக்கு என்றே பெயர் பெற்றது. 2017 மே 5 அன்று அதில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நீதிபதிகள் மதன் லோகூரும் தீபக் குப்தாவும் எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவாக வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். இல்லம் கடைசிப் புகலாகவே இருக்கவேண்டும் என்பது சட்டத்தின் 3ஆம் பிரிவிலேயே இருக்கும் கொள்கை. புகாரெஸ்டில் 2000களின் தொடக்கத்தில் 136 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு, இல்லத்தில் தங்கிய குழந்தைகளைவிட வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவும் மனமும் தேறின, அதுவும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகம் தேறினார்கள் என்று காட்டியது. எனவே திசையைப் பற்றி விவாதம் இல்லை. பிள்ளைகள் கட்டடங்களிலிருந்து வீடுகளுக்குப் போகத்தான் வேண்டும். எப்படிப் போகிறார்கள், யார் கேட்டு அனுப்புகிறார்கள் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வி எவ்வளவு கடினமானது என்பதை 2020 காட்டிவிட்டது. கொரோனா பரவியபோது இல்லங்களில் இருந்த 2,27,518 பிள்ளைகளில் 1,45,788 பேர் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, நூறு நாளில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பச் சொன்னது. எண்ணிக்கையை வைத்து எடுத்த அந்த முடிவை உச்ச நீதிமன்றம் டிசம்பரில் திருத்தவேண்டி வந்தது. ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் தனித்தனியே பார்த்து நலக் குழுதான் முடிவுசெய்ய வேண்டும் என்றும், திரும்பிய பிள்ளையின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் தரவேண்டும் என்றும் அது சொன்னது. ஆனால் தனித்தனியே பார்ப்பது என்றால் தனித்தனியே பார்க்க ஆள் வேண்டும். ஒரு மாவட்டத்தின் நலக் குழு ஒரு நாளில் எத்தனை கோப்புகளைப் புரட்ட முடியும் என்பதை நினைத்தாலே போதும்.

இதே பாடத்தை இங்கிலாந்து ஒரு சிறுமியின் உயிரை விலையாகக் கொடுத்துக் கற்றது. பிரைட்டன் நகரத்து மரியா கோல்வெல் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையின் சகோதரி வீட்டுக்கு வளர்ப்புப் பிள்ளையாகப் போனவள். அத்தைதான் அவள் அறிந்த தாய். பிறகு பெற்ற தாய் வேறொருவரோடு குடும்பம் அமைத்துக்கொண்டு பிள்ளையைத் திரும்பக் கேட்டார். உள்ளூர் நிர்வாகம் எதிர்க்கவில்லை. நீதிமன்றத்தில் எல்லாத் தரப்பும் ஒத்துப்போனதால் விசாரிக்க எதுவும் இருக்கவில்லை. போகமாட்டேன் என்று அழுது அடம்பிடித்த பிள்ளையின் சொல் மட்டும் நீதிபதியின் மேசைக்கு வரவில்லை. 1973 ஜனவரியில், ஏழு வயதில், மாற்றாந்தந்தை அடித்து அவள் இறந்தாள். விசாரணை அறிக்கை மறு ஆண்டு வந்தது. 1975இன் குழந்தைகள் சட்டம் இத்தகைய வழக்குகளில் பிள்ளைக்கென்று தனிக் காப்பாளரை நியமிக்க வழி செய்தது. இந்த வழக்கில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த ஒத்துப்போதலைத்தான். பெரியவர்கள் சண்டையிடும்போது பிள்ளையின் பெயர் இரு பக்கமும் இழுபடும், அதனால் யாராவது உண்மையை நோண்டுவார்கள். பெரியவர்கள் எல்லோரும் சம்மதித்துவிடும் நாளில்தான் பிள்ளை முழுத் தனிமையில் நிற்கிறது. நம் நலக் குழுக்களின் முன் வரும் கோப்புகளில் பெரும்பாலானவை சண்டையே இல்லாத கோப்புகள். தாய் கையெழுத்துப் போட்டிருப்பாள், இல்லம் ஏற்றுக்கொண்டிருக்கும், அலகு பரிந்துரைத்திருக்கும்.

நம் சட்டத்துக்கு இந்த உண்மை தெரியாததல்ல. சொத்து என்று வந்தால் நன்றாகவே தெரியும். 1908இன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆம் கட்டளைப்படி, மைனர் மீது வழக்கு வந்தால் அவனுக்கென்று ஒரு வழக்குக் காப்பாளரை நீதிமன்றம் நியமித்தாக வேண்டும். அந்தக் காப்பாளரின் நலன் மைனரின் நலனுக்கு எதிராக இருக்கக்கூடாது. அப்பனாகவே இருந்தாலும் இந்த நிபந்தனை பொருந்தும். ஆம்பூரில் ஒரு சிறுவனின் பங்கில் இரண்டு சென்ட் நிலம் இருந்து அதன் மேல் தாவா வந்தால் அவனுக்குக் காப்பாளர் கிடைப்பார். அவன் தாயோடு வாழ்வதா இல்லையா என்ற முடிவு வரும்போது கிடைக்கமாட்டார். பெற்றவர்களின் நலனும் பிள்ளையின் நலனும் வேறு வேறாகப் பிரியும் தருணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்வது பெற்றவர்களைப் பழிப்பதாகாது. வறுமை அப்படிப் பிரித்துவிடுகிறது. பெற்றோர் முன்பணம் வாங்கிப் பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933லேயே ஒரு சட்டம் வந்தது. அப்படியும் 1990களில் அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் பீடி சுற்றும் வேலைக்குச் சில நூறு, சில ஆயிரம் ரூபாய்க்காக அடகு போன சிறுவர் சிறுமியர் இருந்ததை உலகறிய ஆவணப்படுத்தினார்கள். அந்தப் பெற்றோர் கொடியவர்கள் அல்லர். வீட்டில் சாவு விழுந்திருக்கும், மகளுக்குக் கல்யாணம் வந்திருக்கும். கடனை அடைத்துப் பிள்ளையை மீட்டு அதே வீட்டுக்கு அனுப்பியபோது, மறுபடி கடன் வந்தால் இந்தப் பிள்ளை என்ன ஆகும் என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்க ஒருவர் தேவைப்பட்டார்.

இதற்கு முதல் மறுப்பு நலக் குழுவினரிடமிருந்தே வரும்: நாங்கள் நீதிமன்றம் இல்லை, பிள்ளையின் நலனுக்காகவே இருக்கும் அமைப்பு, எங்களுக்கும் பிள்ளைக்கும் நடுவே இன்னொருவர் எதற்கு? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. பிள்ளையின் பேச்சைக் கேட்கவேண்டும் என்று சட்டமும் சொல்கிறது, நல்ல குழுக்கள் கேட்கவும் செய்கின்றன. ஆனால் தீர்ப்பு சொல்லும் இடத்தில் இருப்பவர் ஒரு தரப்பின் வழக்கையும் சேர்த்து நடத்த முடியாது. நடத்தினால் இரண்டில் ஒன்று கெடும். தவிர, புதிய இடத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, பத்து வயதுப் பிள்ளை முதல் சந்திப்பில் சொல்வது பெரும்பாலும் பெரியவர்கள் கேட்க விரும்புவதைத்தான். உண்மை நாலாவது சந்திப்பில் வரும், அதுவும் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது வரும். அந்த நாலாவது சந்திப்புக்கு நேரம் உள்ளவர் குழுவில் இருக்கமாட்டார். குழு உறுப்பினர்களின் பதவிக்காலம் மூன்று ஆண்டு என்பதும் பிள்ளைப் பருவம் அதைவிட நீளம் என்பதும் இன்னொரு காரணம்.

வக்கீல்களைக் கூட்டிவந்தால் குழுவின் அறை கோர்ட்டாகிவிடும் என்ற இரண்டாம் மறுப்பை எளிதில் தள்ளிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் வக்கீல் அல்லாத முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. போக்சோ வழக்குகளில் பாதிக்கப்பட்ட பிள்ளையோடு காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் எல்லா இடத்துக்கும் கூடவே செல்லும் உதவி நபரை நலக் குழுவே நியமிக்க 2020இன் விதிகள் வழிசெய்கின்றன. 2023 ஆகஸ்டில் பச்பன் பசாவோ ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உதவி நபர்களின் தகுதி, பயிற்சி, ஊதியம் பற்றி உத்தரவிட்டது. பெற்றோர் விரும்பினால் பார்த்துக்கொள்ளலாம் என்று இதை விட்டுவிடக் கூடாது என்றும் சொன்னது. பாலியல் வன்முறைக்கு ஆளான பிள்ளைக்கு ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு துணை வரும் இந்த ஏற்பாட்டை, வீட்டை விட்டுப் பிரிக்கப்படும் பிள்ளைக்கும் நீட்டினால் போதும். புதிய பதவிப்பெயர் கூட வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பு ஊர் வழக்கத்திலிருந்து வருகிறது, அது மதிக்கத்தக்கது. பாட்டியும் பெரியம்மாவும் மாமாவும் இருக்கும் நாட்டில் அந்நியர் வீட்டில் பிள்ளையை விடுவது மேல்நாட்டுப் பழக்கம் என்பார்கள். உறவினர் வீடே முதல் தேர்வாக இருக்கவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ராஜஸ்தான் 2005இல் பாலன்ஹார் என்ற பெயரில், அநாதைப் பிள்ளையை வளர்க்கும் உறவினருக்கு மாதத் தொகை கொடுக்கத் தொடங்கியது. கொரோனாவில் பெற்றவர்கள் இருவரையும் இழந்து உறவினரோடு வாழும் பிள்ளைக்குத் தமிழ்நாடு 2021இல் மாதம் 3,000 ரூபாய் அறிவித்தது. இவை சரியான பாதை. ஆனால் மரியா கோல்வெல் வளர்ந்ததும் அத்தை வீட்டில்தான்; உறவு அவளைக் காக்கப் போதவில்லை. மேலும் இந்தப் பகுதிக்கே உரிய ஒரு காரணத்தால் வளர்ப்புப் பராமரிப்பு இங்கே அந்நியமான கருத்து இல்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வேலூர்க் கடைத்தெருவிலும் முஸ்லிம் மக்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். பிள்ளையின் வம்சப் பெயரை மாற்றாமல், பெற்றவரின் பெயரை அழிக்காமல் இன்னொருவர் பிள்ளையை வளர்க்கும் கஃபாலா அவர்கள் மரபில் இருக்கிறது. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு கஃபாலாவையும் வளர்ப்புப் பராமரிப்பையும் ஒரே மூச்சில் பெயர் சொல்லி ஏற்கிறது. 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில், எந்த மதத்தவரும் இளைஞர் நீதிச் சட்டத்தின் வழியே தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் தத்தைவிட வளர்ப்பு பலருடைய மனசாட்சிக்கு நெருக்கமாக இருக்கலாம்.

அதே 20ஆம் பிரிவு பிள்ளையின் மதம், பண்பாடு, மொழி இவற்றின் தொடர்ச்சியையும் கவனிக்கச் சொல்கிறது. இந்தப் பகுதியில் மொழி பெரிய விஷயம். நானி என்றும் காலா என்றும் உருதுவில் அழைத்து வளர்ந்த பிள்ளை, சித்தூர் எல்லையிலிருந்து வந்த தெலுங்குப் பிள்ளை, சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்த குடும்பத்தோடு வங்கத்திலிருந்து வந்த பிள்ளை, காட்பாடியிலும் ஜோலார்பேட்டையிலும் ரயிலிலிருந்து இறக்கப்படும் இந்திப் பிள்ளை எல்லோரும் தமிழில் எழுதப்படும் ஒரே சமூக விசாரணை அறிக்கைக்குள் அடங்கவேண்டும். சட்டம் அந்த அறிக்கைக்குக் கொடுக்கும் அவகாசம் 15 நாள், முழு விசாரணைக்கு நான்கு மாதம். பிள்ளையின் சார்பில் பேசுவது என்பதன் முதல் பொருள் பிள்ளையின் மொழியைப் பேசுவதுதான். அது தெரியாதவர் எவ்வளவு அன்போடு பேசினாலும் அவர் தன் கருத்தைத்தான் பேசுவார்.

என்னை உண்மையில் தயங்க வைப்பது நான்காவது மறுப்பு. அமெரிக்காவில் சியாட்டில் நீதிபதி டேவிட் சூக்கப் 1977இல் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவர் ஒரு பிள்ளைக்காக நீதிமன்றத்தில் பேசுகிறார். அந்த முறை நாடெங்கும் பரவியது. ஆனால் டெக்சாஸில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு, தன்னார்வலர் நியமிக்கப்பட்ட பிள்ளைகள் சொந்தக் குடும்பத்துக்குத் திரும்பும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாக இருந்ததைக் கண்டது. கடினமான வழக்குகளே அவர்களிடம் போயிருக்கலாம் என்ற விளக்கம் உண்டு. எமி மல்சரும் டாரா அர்ஸும் 2016இல் எழுதிய கட்டுரை அதைவிடக் கூர்மையான காரணம் சொன்னது: தன்னார்வலர்கள் பெரும்பாலும் வசதியான வெள்ளைப் பெண்கள், ஏழைக் கறுப்பினக் குடும்பத்தின் வீட்டைப் பார்த்தால் அது அவர்கள் கண்ணுக்கு வீடாகத் தெரிவதில்லை. இந்தக் குற்றச்சாட்டை அப்படியே இங்கே பெயர்த்து வைத்துப் பாருங்கள். ஒற்றை அறை, டேனரி நாற்றம், வெளியே தண்ணீர்க் குடங்கள், இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வரும் தாய். சேரியில் இருக்கும் அந்த வீட்டை மேல்சாதி நடுத்தர வர்க்கத்து நல்லெண்ணக்காரர் ஒருவர் ஒரு முறை பார்த்துவிட்டு, பிள்ளைக்குத் தகுந்த சூழல் இல்லை என்று எழுதிவிடலாம். வறுமையைப் புறக்கணிப்பு என்று எழுதிவிடும் பேனா இந்தத் துறையின் மிகப் பெரிய அபாயம். அதை மறைத்துவிட்டு என் வாதத்தை நான் நடத்த முடியாது.

அதனால்தான் ஓய்வு நேரத் தொண்டாக இந்த வேலையை விடக்கூடாது என்கிறேன். பிள்ளைக்குப் பேசுபவர் ஊதியம் பெறுபவராக, பொறுப்பு கேட்கப்படக்கூடியவராக, இந்த ஊர்களின் வாழ்க்கைக்குள்ளிருந்தே வருபவராக இருக்கவேண்டும். ஷூ கம்பெனியில் பத்து வருடம் தைத்த ஒரு பெண், ஒற்றை அறை வீட்டில் எது அலட்சியம், எது இயலாமை என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்வாள். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களின் சட்டத் தன்னார்வலர்களாகவே அவளைப் போன்றவர்களை எடுக்க வழி இருக்கிறது. 1987இன் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்ணும் குழந்தையும் வருமானக் கணக்கு இல்லாமலே இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். இதில் தாயும் அடக்கம் என்பதை மறக்கக்கூடாது. தாய்க்குப் பேச ஒருவர் இல்லாத அறையில் பிள்ளைக்குப் பேசுபவர், தாயை எதிர்க்கும் இன்னொரு அதிகாரியாகவே மாறிவிடுவார். இரண்டு பேருக்கும் தனித்தனி ஆள் வேண்டும். பல நேரங்களில் பிள்ளைக்குப் பேசுபவர் கேட்கவேண்டியதே, வளர்ப்புப் பராமரிப்புக்குத் தரும் அந்த 4,000 ரூபாயைத் தாய்க்கே நிதி ஆதரவாகக் கொடுத்தால் பிள்ளையைப் பிரிக்கவே வேண்டாமே என்பதாகத்தான் இருக்கும்.

ஒரே ஆள் என்பதை நான் வற்புறுத்த இந்தப் பகுதியின் வரைபடமும் ஒரு காரணம். 2019 நவம்பர் வரை காட்பாடியும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் வேலூர் என்ற ஒரே மாவட்டம். இப்போது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன, ராணிப்பேட்டை தனி மாவட்டம். தாய் ஆம்பூரில், பிள்ளை கிடைத்தது காட்பாடியில், சேர்க்கப்பட்ட இல்லம் ராணிப்பேட்டையில் என்றால் ஒரு பிள்ளைக்கு மூன்று மாவட்டங்கள், மூன்று நலக் குழுக்கள், மூன்று பாதுகாப்பு அலகுகள். கோப்பு இடம் மாறும், ஒப்பந்தம் முடிந்து அலுவலர் மாறுவார், பிள்ளை தன் கதையை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லவேண்டும். மூன்றாம் முறை சொல்லும்போது அது சுருங்கிவிடும். எல்லை தாண்டிக் கோப்போடு கூடவே நடக்கும் ஒருவரை நியமிக்கச் சட்டத் திருத்தம் தேவையில்லை. மூன்று மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களும் பாதுகாப்பு அலகுகளும் சேர்ந்து, மொழிவாரியாக ஒரு பொதுப் பட்டியல் வைத்துக்கொண்டால் போதும்.

இந்த ஊர்க்காரர்களுக்குப் பேச முடியாத ஒன்றுக்காகப் பேசிய அனுபவம் ஏற்கெனவே உண்டு. டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்தபோது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு சொன்ன தீர்ப்பு, கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. ஆறு சாட்சி சொல்லவில்லை. அதன் சார்பில் கணக்கெடுத்தவர்களும் கிணற்றுநீரைச் சோதித்தவர்களும் விடாமல் தொடர்ந்தவர்களும் இருந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்பெழுத வேண்டியிருந்தது என்பது, ஒரு முறை பேசினால் போதாது என்பதையும் காட்டுகிறது. முப்பது ஆண்டுக்கும் மேலாக ஒரு வழக்கை விடாமல் தொடரும் பொறுமை இந்த மண்ணுக்கு இருக்கிறது. பிள்ளைக்குத் தேவைப்படுவது அதில் பாதிக்கும் குறைவான காலம்தான்.

அந்தக் காலத்துக்குள் வரும் ஒரு நாளைப் பற்றி மட்டும் இன்னும் சொல்லவேண்டும். முன்பு வளர்ப்புக் குடும்பத்தில் ஐந்து ஆண்டு வாழ்ந்த பிள்ளையை அந்தக் குடும்பமே தத்தெடுக்க விண்ணப்பிக்க முடிந்தது. 2024இன் நெறிகள் அதை இரண்டு ஆண்டாகக் குறைத்துவிட்டன. பெற்றவர்கள் திரும்பவே வரமாட்டார்கள் என்று தெளிவாகிவிட்ட பிள்ளைகளுக்கு இது நல்ல செய்தி. ஆனால் நோய் தேறி, கடன் அடைந்து, ஷூ கம்பெனியில் மறுபடி வேலை கிடைத்துத் தாய் எழுந்து நிற்க இரண்டு ஆண்டு போதாமல் போகலாம். அந்த இரண்டாம் ஆண்டு முடிவில் வளர்ப்புத் தாய்க்குப் பிள்ளை மேல் உண்மையான பாசம் இருக்கும், பெற்ற தாய்க்கும் இருக்கும், கோப்பை முடிக்கும் அவசரம் அலுவலகத்துக்கு இருக்கும். எட்டு வயதில் போன பிள்ளைக்கு அப்போது பத்து வயது. அவன் இரண்டு பேரையும் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பான். அவனிடம் கேட்கவேண்டிய கேள்வியை அவன் மொழியில், அவனுக்குப் பழகிய முகத்தோடு, இந்த வீட்டிலும் அந்த வீட்டிலும் இல்லாத ஓரிடத்தில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் கேட்க ஒருவர் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அவனோடு பழகத் தொடங்கியிருக்க வேண்டும்.